கயிறு இல்லாத பலகை

அந்த ஆள் எட்டாவது தடவையாகக் கடலில் விழுந்தபோது எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனுக்குத் திதி கொடுக்க வந்தவள் இப்படியா சிரிப்பாள் என்று என் ஓரகத்தி முத்துத்தாய் இடுப்பில் இடித்தாள். எண்பத்து மூன்றாம் வருஷம், புரட்டாசி அமாவாசை. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு பஸ் சனம் திருச்செந்தூர் வந்திருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எள்ளும் தண்ணியும் இறைத்தது அவர் தம்பி, என் கொழுந்தன் பேயாண்டி.

விழுந்தவர் மதுரை திருநகர்க்காரர். பெயர் ஹாலாஸ்யம், ஏதோ ஆபீசில் குமாஸ்தா. சிம்மக்கல் ஆசாரியிடம் சொல்லி ஆள் உயரத்துக்கு ஒரு பலகை செய்து வைத்திருந்தார். அதன்மேல் நின்றபடி அலையோடு கரைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷனின் ஆசை. சேதுக்கரையிலிருந்து மணப்பாடு வரைக்கும் எந்த ஊரில் எப்படி அலை வரும் என்று வரைபடத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்திருந்தார். வேம்பாரில் அலை சோம்பேறியாம். மணப்பாட்டில் வளைந்து வருமாம். இங்கே கோயிலுக்கு வடக்கே தள்ளிப் போனால் மணல்மேல் நேராக வருமாம்.

"ரெண்டு வருஷமா லீவு நாளெல்லாம் இந்தக் கரையிலதாம்மா சுத்தறேன். எல்லாம் தெரியும். நிக்க மட்டும் வரலை" என்றார். பாவமாக இருந்தது.

"இது பரம்படிக்கிறதுதானே!" என்றேன்.

உழுது தண்ணி கட்டிய வயலை மட்டமாக்க, மாடு இழுக்கிற பலகைமேல் ஏறி நின்று போவதுதான் பரம்படிப்பது. எங்கள் பக்கம் ஆம்பளைதான் ஏறலாம். பொம்பளை ஏறினால் வெள்ளாமை விளங்காதாம். எவன் கண்டான்! என் வீட்டுக்காரர் இருந்தவரை, ஆள் நடமாட்டம் இல்லாத விடியலில் என்னை ஏற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்து பீடி குடிப்பார். அது எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர் போன பிறகு பேயாண்டி தன் வயலையெல்லாம் முடித்துவிட்டுப் பதினஞ்சு நாள் கழித்துத்தான் என் வயலுக்கு வந்தான். நாற்று முற்றிப்போய், இருபது மூட்டை விளைகிற இடத்தில் எட்டுதான் கண்டது. இந்த வருஷமும் அப்படியென்றால் நிலத்தை அவனிடமே விட்டுவிட்டு நான் கூலிக்குப் போக வேண்டியதுதான். நானே ஏறுகிறேன் என்று ஆடியிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பேயாண்டிக்குச் சுள்ளென்று வந்தது. "மதினி, இங்க வந்துமா பரம்பு? அம்புட்டுக் கெட்டிக்காரின்னா இந்தாளு பலகையில நின்னு கரைக்கு வாங்க, பாப்போம். வந்துட்டீகன்னா ஐப்பசிக்குப் பரம்பும் மாடும் மொதல்ல ஒங்க வயலுக்குத்தேன். நீங்களே ஏறிக்கங்க."

பஸ் சனம் முழுக்கக் கேட்டது. "முருகன் சந்நிதியில சொல்லியிருக்க தம்பி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றேன்.

சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டினேன். கிணற்றில் குதித்து வளர்ந்தவளுக்குத் தண்ணி பயமில்லை. பலகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கயிறு எங்க சாமி?" என்றேன்.

"கயிறா? எதுக்கு?" ஹாலாஸ்யம் முழித்தார்.

"கயித்தப் பிடிக்காம எவன் நிப்பான்?"

பஸ் மேலே கட்டிவருவதற்காகப் பலகையின் முன்முனையில் ஒரு துளை போட்டிருந்தார். எங்கள் மூட்டைக் கயிற்றை அவிழ்த்து அதில் கோத்தேன். அவர் இடுப்பளவு தண்ணியில் பலகையைப் பிடித்துக்கொள்ள, வயலில் ஏறுகிற மாதிரி ஏறி நின்று "ஹை!" என்றேன். அலை வருவதற்கு முன்பே குப்புற விழுந்தேன். மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. கரையில் பேயாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

எரிச்சலில் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு யோசித்தேன். வயலில் மாடு முன்னால் இழுக்கும். இந்த மாடு பின்னால் வந்து முட்டுகிறது. முட்டின பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபடி போய், இந்தத் தடவை பலகைமேல் குப்புறப் படுத்தேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். பின்னால் இரைச்சல் வந்தது, ஹாலாஸ்யம் தள்ளிவிட்டார், அலை முட்டியது. எழுந்தேன். முழங்காலை மடக்கி, பாரத்தைப் பின்காலில் போட்டு, கயிற்றை இழுத்துப் பிடித்தேன். பலகை நேரானது. அய்யோ, என்ன வேகம்! எந்தக் காளையும் இப்படி ஓடினதில்லை. கரையும் சனமும் கோபுரமும் என்னைப் பார்த்து ஓடி வந்தன. "ஏய், விடாத! விடாத!" என்று நான்தான் கத்தினேன் என்பதே பிறகுதான் தெரிந்தது. மணல் நெருங்கியதும் பழக்கதோஷம், கடலைப் பார்த்து "ஹோவ், ஹோவ்" என்றேன். பலகை மணலில் உரசி நின்றது. நான் விழவில்லை.

முத்துத்தாய் குலவை போட்டாள். தன் புருஷன் தோற்றது அவளுக்கு நினைவே இல்லை. ஹாலாஸ்யம் தண்ணிக்குள்ளேயே நின்று கைதட்டினார். பேயாண்டி சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

ஐப்பசியில் கண்மாய் பெருகியது. சொன்ன சொல்லுக்குப் பேயாண்டி முதலில் என் வயலில் மாட்டைப் பூட்டி, கயிற்றை என் கையில் கொடுத்தான். "பாத்து மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் ஏறிக்கொண்டான். நடவுக்காரிகள் நாற்றும் கையுமாக நிமிர்ந்து நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஹாலாஸ்யம் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

ஊரே பார்க்க ஏறினேன். "ஹை!" என்றேன். பலகைக்குப் பின்னால் சேற்றுத்தண்ணி ரெண்டாகப் பிரிந்து, புரண்டு போய் வரப்பில் மோதியது.