கதவுக்குப் பின்னால் கேட்ட சத்தம்

படத்தில் ஒருத்தி கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். கொலைகாரன் மாடிப்படி ஏறி வருகிறான். காட்சி இவ்வளவுதான், ஆனால் எடிட்டிங்கில் என் உயிரை வாங்கிவிட்டது. ஒளிப்பதிவாளர் கெட்டிக்காரர், அவனை ஓரிடத்திலும் காட்டவில்லை. கேமராவை அவள் பிடரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார், அவள் பார்க்க முடியாதது நமக்கும் தெரியாது. படி, கதவின் கைப்பிடி, அவள் கண், மறுபடியும் படி என்று ஒவ்வொரு துண்டையும் முந்தினதைவிடக் குட்டையாக வெட்டிக்கொண்டே போனேன். இதோ கதவு திறக்கப்போகிறது என்று நினைக்கிற இடத்தில் வெட்டுவதையே நிறுத்திவிட்டேன். அப்புறம் அவள் முகம் மட்டும்தான், நீளமாக. காலடிச் சத்தமும் நின்றுவிடும். அந்த முகத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டியது ஒலி. அது படத்துக்கு ஒலி சேர்க்கிற என் தம்பியின் பாடு.

தொழிலில் அவனுக்குப் பாம்புச்செவி என்று பெயர். பக்கத்து அறையில் யாராவது கைக்கடிகாரம் கட்டியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவான் என்று கேலி செய்வோம். அப்பேர்ப்பட்டவனைப் போன படத்தில் பாதியிலேயே மாற்றிவிட்டார்கள். அவன் சேர்த்த ஒலியெல்லாம் கீச்கீச்சென்று இருக்கிறது என்றார்களாம். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இந்தப் படத்துக்கு நான்தான் இயக்குநரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனைக் கொண்டுவந்தேன். இதுவும் கைவிட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. வேறு வேலையும் தெரியாது.

இயக்குநர் சோபாவில் வந்து உட்கார்ந்ததும் ஓட்டிக் காட்டினோம். முகம் வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு நாற்காலி நுனியில் இருந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தக் காட்சி அவனுக்குப் பயமாகவே இருந்திருக்கிறது. இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்து, ஒயர் ஏதாவது கழன்றுவிட்டதா என்று கேட்டார்.

“இல்ல சார், இருக்கு,” என்றான் தம்பி. “சன்னமா ஒரு இழுப்பு. காலி வீட்டுல நானே பதிவு பண்ணினது. நல்லா கேளுங்க.”

நன்றாகத்தான் கேட்டோம். ஒன்றுமில்லை. இயக்குநர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

திரையில் அந்த ஒலித்தடத்தைப் பெரிதாக்கினேன். சத்தம் இருந்தால் நெளிய வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது. தம்பி எழுந்து வந்து, இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்தான். எனக்கு எரிச்சல். விளையாடுகிறானா என்று தோன்றியது. மறுபடி ஓடவிட்டு, சொல்லாமல் நிறுத்தினேன்.

“இப்ப?”

“கேக்குதுக்கா,” என்று சொன்ன பிறகுதான் படம் நின்றிருப்பதைப் பார்த்தான்.

விரலைத் திரையிலிருந்து எடுத்தான். பிறகு, வீட்டிலும் கேட்கிறது, படுத்தால் இன்னும் அதிகம், நாள் முழுக்க இந்தக் காட்சியோடு கிடப்பதால் மண்டைக்குள் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன் என்றான். எங்கள் தொழிலில் அப்படி ஒட்டிக்கொள்வது உண்டு, எனக்கும் வெட்டின காட்சிகள் கனவில் ஓடும். இல்லாத சத்தத்தை நம்பி, இருந்த சத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்திருக்கிறான்.  காது டாக்டரிடம் போகலாம் வா என்றேன்.

“போலாம். டைரக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதக்கா. உன் கால்ல விழறேன்.”

அவன் மேசைக்குத் திரும்பினான். அவனுக்குக் கேட்கிற அதே சத்தத்தைக் கருவியில் உண்டாக்க ஆரம்பித்தான். குமிழைத் திருகத் திருக ஒலி மெலிந்து மேலே ஏறியது. ஓரிடத்தில் அவன் முகம் குழம்பியது. வெளியே கேட்கிற சத்தம் காதுக்குள் இருந்த சத்தத்தோடு கலந்துவிட்டது. வருகிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. “வருதாக்கா?” என்று என் வாயையே பார்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். காதுக்குள் ஊசி நுழைவதுபோல் இருந்தது. இதோடுதான் சாப்பிடுகிறான், இதோடுதான் தூங்குகிறான் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு சத்தமாக வைக்கலாம் என்று நான் சொல்லச் சொல்ல, அவன் வைத்தான்.

இயக்குநர் திரும்பி வந்து பார்த்தார். முகம் வந்ததும் சோபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும், “இதத்தான்யா கேட்டேன்,” என்று தம்பியின் முதுகில் தட்டினார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கதவு திறக்கும்போது அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிட வேண்டும், பார்க்கிறவன் அப்போதுதான் மூச்சுவிட வேண்டும்.

தம்பி அந்த இடத்தில் நறுக்கினான். மறுபடி ஓட்டினோம். படிகள், கைப்பிடி, கண். பிறகு முகம், முகம், முகம். கதவு திறந்தது. இயக்குநர் மூச்சை விட்டுச் சாய்ந்தார். என் தோளும் தானாக இறங்கியது. தம்பி திரையைப் பார்க்கவில்லை. முதலில் அவரை, பிறகு என்னைப் பார்த்து, நின்றுவிட்டது என்று தெரிந்துகொண்டு, எங்களைப் போலவே தானும் மெதுவாக ஒரு மூச்சு விட்டான்.