தம்பி நன்றாக இருந்த அன்று

நான் எழுந்து வந்தபோது தம்பி சவரம் செய்து, குளித்து, தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் அம்மாவை எழுப்பிக் காட்டியிருப்பேன். குளிக்கச் சொல்லி மாதக்கணக்கில் கெஞ்ச வைத்த பிள்ளை. இன்றைக்கென்று பார்த்து இவனுக்கு இப்படி விடிய வேண்டுமா என்று எனக்கு வயிறு எரிந்தது. அவனுடைய கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யலாமா என்று மருத்துவக் குழு கூடிப் பார்க்கும் நாள் அது.

பொறியியல் மூன்றாம் ஆண்டில் அவனுக்கு இல்லாத குரல்கள் கேட்க ஆரம்பித்தன. படிப்பு பாதியில் நின்றது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான் என்பதால், துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வாங்கும் சம்பளத்தில் பாதி என் கைக்கு வருவதற்குள் வங்கிக்குப் போய்விடுகிறது. நோயாளிக்குத் தள்ளுபடி உண்டுதான். ஆனால் இனி ஆயுசுக்கும் எந்த வேலைக்கும் ஆகமாட்டான் என்று காட்ட வேண்டும்.

குழு என்று பெயர்தான் பெரிது. அலுவலகத்து மாடி அறையில் ஒரே ஒரு டாக்டரம்மாவும் கடகடக்கும் மின்விசிறியும்தான்.

"சட்டையை யார் தேச்சது?"

"நான்தான் மேடம்." அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"வேலை குடுத்தா செய்வீங்களா?"

மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"சின்ன வேலைன்னா செய்வேன். அக்கா பாவம், தனியா கஷ்டப்படுது."

"மேடம், இன்னைக்கு ஒரு நாள்தான் இப்படி. போன வாரம் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்தவன் வெளியவே வரல" என்றேன், அவனை வைத்துக்கொண்டே. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கால் போச்சுன்னா எல்லா நாளும் போனதுதாம்மா. இது அப்படி இல்லயே. இன்னைக்குப் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி மனு போடுங்க."

படியிறங்கும்போது, அடுத்த முறை இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு இவனைக் கூட்டி வந்தால் என்ன என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்கு என்னைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை, கூடவே இறங்கி வந்தது.

"அக்கா, நான் நல்லா பேசினேன்ல?"

"நல்லாத்தான் பேசினடா."

எதிரிலேயே பேருந்து நிலையம். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரே நெரிசல். கூட்டத்தைக் கண்டாலே என் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறவன், நான் சொல்லாமலே போய் வரிசையில் நின்றான். முன்னால் நின்ற பெரியவர் கேட்டதற்கு ஏதோ சொல்லிச் சிரித்தான். பிறகு இரண்டு டிக்கெட்டையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஊருக்கே கேட்கிற மாதிரி "அக்கா!" என்று கத்தினான். நான் அலுவலகத்து மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன், அங்கிருந்து யாராவது பார்த்துவிட்டார்களா என்று.