சூடம் அணைத்த தெரு

எங்கள் தெருவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற தெருக்களிலேயே வாய் நீளமான தெரு அது. ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் நாலாம் வீட்டில் மூக்கைப் பிடிப்பார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எல்லாருக்கும் குரலும் பெரிதாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட தெரு என் மகள் காஞ்சனா விஷயத்தில் மட்டும் வருஷக்கணக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தது.

காஞ்சனா எங்களுக்குப் பிறந்தவள் இல்லை. எனக்கும் அம்சாவுக்கும் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. ஒரு தடவை லுங்கி மூட்டையோடு திருவாலங்காட்டுக்கு விற்கப் போனபோது அம்சாவும் கோயிலுக்கென்று கூட வந்தாள். அங்கே கரும்பு வெட்டும் குடும்பம் ஒன்றில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்துபோய், ஒரு வயசுக் குழந்தை தூரத்து உறவுக்காரியிடம் கிடந்தது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியிருந்தது. அந்த வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போன அம்சா, இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள்.

"பாவா, இது நம்ம வீட்டுக்கு வருது" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். அவள் எதிலும் அப்படித்தான். உறவுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களாவது நல்லா வெச்சுக்கோங்க" என்று கும்பிட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைச் சாமி சந்நிதியில் கிடத்தி, "இது உன் பிள்ளை" என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் சாமிக்குத் தவிடு கொடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் என்று நம்பிக்கை. எதிர்வீட்டுக் கெங்கம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். "இவளயும் மலையில அப்டியே வாங்கிடலாம். அப்பறம் யாரு பெத்தான்னு எவன் கேக்கறது?" என்றாள்.

தெருவே பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்தது. முருகனுக்குத் தவிட்டைக் கொடுத்துக் காஞ்சனாவை வாங்கினோம். கெங்கம்மாள் அத்தோடு விடவில்லை. கீழே இறங்கியதும் கற்பூரத்தைக் கொளுத்தி, "இனிமே இவ அம்சா பெத்த பொண்ணு. மாத்திச் சொல்றவன் வாய் வெந்துபூடும்" என்று ஒவ்வொருவரையும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தாள். நானும் அணைத்தேன். உள்ளங்கை சுரீரென்றது.

அதன்பிறகு கெங்கம்மாள் அந்தப் பிரசவத்தை விவரிக்கவே ஆரம்பித்துவிட்டாள். புயல் மழையாம், மருத்துவச்சி வர நேரமாகிவிட்டதாம், அம்சா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றதாம். கேட்டுக்கொண்டிருக்கும் அம்சா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

காஞ்சனாவுக்கு ஆறு வயசானது. கையை ஊன்றித் தவழ்ந்துதான் வீட்டுக்குள் நடமாட்டம். பள்ளிக்கூடத்துக்கு அம்சா இடுப்பில் தூக்கிப் போவாள். வரவர அவளால் தூக்க முடியவில்லை, ஆனால் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளமாட்டாள். அது 1981. ஊனமுற்றோர் ஆண்டு என்று எங்கே பார்த்தாலும் சுவரில் எழுதியிருந்தது. திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மெட்ராஸ் தொண்டு சங்கத்தார் முகாம் போட்டார்கள். அங்கிருந்த டாக்டர் காஞ்சனாவின் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்பவே காலுக்கு இரும்புச் சட்டம் மாட்டினால் நடப்பாள். விட்டால் முட்டி இப்படியே இறுகிவிடும்" என்றார்.

கால் சட்டம், மாசாமாசம் மெட்ராஸ் போய்ப் பயிற்சி எடுக்க ரயில் செலவு, படிப்புச் செலவு எல்லாம் சங்கமே ஏற்கும். ஆனால், தாய் தகப்பன் இல்லாத இப்படிப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்க்கிற குடும்பங்களுக்கு மட்டும்தான். சொந்தப் பிள்ளை என்றால் வேறு இடத்தில் எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

சங்கத்துச் சந்திரா அம்மா கேட்டார். "இவள் உங்க சொந்தக் குழந்தையா?"

நான் அம்சாவைப் பார்த்தேன். அம்சா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சத்தியத்தை மீறினால் முருகன் கொடுத்ததைத் திரும்பக் கேட்பான் என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நானும் சூடம் அணைத்தவன்தானே. அப்போதுதான் என் பெரிய மூளை வேலை செய்தது.

"நீங்களே எங்க தெருவுல வந்து விசாரிச்சுக்கோங்கம்மா" என்றேன்.

எங்கள் தெருவில் ரகசியம் எத்தனை நாள் தங்கும்? யாராவது ஒருத்தர் உளறிவிடுவார்கள், வாய் வெந்தால் அவர்களுக்கு வேகட்டும், என் பெண்ணுக்குக் கால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த வாரம் சந்திரா அம்மா வந்தார். முதல் வீட்டு வீராசாமி, என் பரம விரோதி, தறியை நிறுத்திவிட்டு வந்து, "சொந்தப் பொண்ணுதாங்க. மூக்கப் பாருங்க, அப்டியே தேசப்பன் மூக்கு" என்று என்னைக் காட்டினான். என்னைப் பார்த்தாலே காறித் துப்புகிறவன் அவன். நூல் சுற்றிக்கொண்டிருந்த கிழவர், "நான்தாங்க பேரு வெக்கச் சொன்னேன்" என்றார். கெங்கம்மாளோ புயல் மழையில் ஆரம்பித்து மருத்துவச்சி வரைக்கும் வந்துவிட்டாள். நான் அவளுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், கையை ஆட்டினேன். "நீ சும்மா இரு தேசப்பா, ஆம்பளைக்கு இன்னா தெரியும்" என்று அடக்கிவிட்டாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதே சமயம் நெஞ்சு கர்வத்தில் விம்மியது. ஒருத்தன்கூட, வீராசாமிகூட, என் பெண்ணை விட்டுக்கொடுக்கவில்லை!

சந்திரா அம்மா பையை மாட்டிக்கொண்டார். "ரொம்ப நல்ல தெருங்க உங்களுடையது. ஆனா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. சொந்தக் குழந்தைன்னா எங்க உதவி கிடையாது" என்றார். அப்போதுதான் தெருவுக்கே விஷயம் விளங்கியது. கெங்கம்மாள் பிளந்த வாய் பிளந்தபடி நின்றாள். ஆனால் மாற்றிச் சொல்ல ஒருத்தரும் முன்வரவில்லை. அம்சா வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, ஏன் அழுவுற?" என்று கேட்டபடி காஞ்சனா தவழ்ந்து வெளியே வந்தாள். சந்திரா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "இவங்கல்லாம் பொய் சொல்றாங்க. நான் இந்த வீட்ல பொறக்கல."



"ஆருடி சொன்னது ஒனக்கு?" என்று கெங்கம்மாள் பாய்ந்தாள்.

"நீதான் அத்தை. நான் பொறந்த கதைய ஒவ்வொரு தபா ஒவ்வொரு மாதிரி சொல்ற. ஒரு தபா மழைன்ற, ஒரு தபா வெயிலுன்ற. அதான் ஜம்புவக் கேட்டேன். நீ வூட்ல பேசிக்கறத அவன் கேட்டிருக்கான். அவன் சூடம் அணைக்கலையாம்."

கெங்கம்மாளின் மகன் ஜம்புலிங்கம் சட்டென்று தூணுக்குப் பின்னால் மறைந்தான். வாஸ்தவம்தான், அன்றைக்கு அவன் கைக்குழந்தை. காஞ்சனாவும் கைக்குழந்தை. சத்தியம் செய்ததெல்லாம் நாங்கள்தானே!

காஞ்சனா ஜம்பு நின்ற பக்கம் கையை நீட்டினாள். "அவன் சும்மா பொறந்தான். நான் அப்டி இல்ல. என்னத்தான் வேணும்னு கேட்டு, மலைக்குப் போயி, முருகன்கிட்ட தவிடு குடுத்து வாங்கிக்கினு வந்தாங்க." அதைச் சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்திருந்த அழகை எந்த ஜமீன் வீட்டுப் பிள்ளையிடமும் நான் பார்த்ததில்லை.

சந்திரா அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அம்சா பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். "குழந்தை சொல்றது நிஜமாம்மா?"

அம்சா மூக்கை உறிஞ்சினாள். "ஆங். கேட்டுத்தான் வாங்கனேன்" என்றாள். "ஆனா எம் பொண்ணு."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார் சந்திரா அம்மா. திருவாலங்காட்டு உறவுக்காரியின் பேரைக் காஞ்சனாவுக்குக் கேட்காமல் என்னிடம் வாங்கிக்கொண்டு, அங்கேயும் போய் விசாரித்துவிட்டு உதவிக்கு ஏற்பாடு செய்தார்.

தைமாசத்தில் கால் சட்டம் வந்தது. அதை மாட்டிக்கொண்ட முதல்நாள் திருத்தணியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், "தூக்காத நைனா" என்று சொல்லிவிட்டு, காஞ்சனா எங்கள் தெருவில் தானே நடந்தாள். இரும்பு டக் டக்கென்று ஒலித்தது. ஒவ்வொரு வீடாகத் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். வீராசாமி வழியில் கிடந்த கல்லைக் குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டான், என்னைப் பார்க்காமலேயே.

கெங்கம்மாள் வீட்டுக்கு அன்று சித்தூரிலிருந்து லுங்கி வாங்க வந்த வியாபாரி, யாருடைய பெண் என்று கேட்டான்.

"அம்சா பொண்ணு" என்றாள் கெங்கம்மாள், கொஞ்சமும் கூசாமல். "நான்தான் கூட இருந்து பார்த்தேன். இன்னா மழ அன்னிக்கு! கதவு அடிச்சிக்குது, விளக்கு நிக்கல, இவ கூச்சல்னா கூச்சல், பக்கத்து வூட்டுத் தறியே நின்னுபூட்ச்சி..."

நான் கேட்டுக்கொண்டே நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அந்த மழையில் கதவுக்கு வெளியே நனைந்துகொண்டு நான் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது.