குரல் நடுவில் நிற்கவில்லை

1

ஒரு பத்திரிகையில் கட்டுரைதான் கேட்டார்கள். வீட்டில் நல்ல கருவிகள் வைத்து ஜாஸ், சோல் என்கிற அமெரிக்கப் பாட்டுகளைக் கேட்கிற சுகத்தைப் பற்றி, படிக்கிறவர்களுக்கு ஆசை வருகிற மாதிரி, இரண்டு பக்கம். "உங்க வீட்டுலதான் பெரிய செட்டு இருக்காமே" என்றார் உதவி ஆசிரியர். இருக்கிறது. கூடத்தில் பாதியை அது எடுத்துக்கொண்டுவிட்டது. மீதிப் பாதியில் நானும் என் கணவரும் இருக்கிறோம்.

எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

நல்ல ஸ்பீக்கரில் ஒரு குரலைக் கேட்பது என்பது

அவ்வளவுதான். அதற்கு மேல் நகரவில்லை. அதை விட்டுவிட்டு வேறொன்று எழுதினேன்:

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் நீதிபதியாகிவிடுவார்.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதற்கு அடுத்து என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எழுதவும் செய்தேன்:

அவருக்கு இடது காது கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

இதை வைத்துக்கொண்டு யாருக்கும் எந்த ஆசையையும் வரவழைக்க முடியாது. ஆகவே உங்களுக்குக் கதை. பத்திரிகைக்கு என்ன பதில் சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2 (ஆளை மாற்றிப் பார்த்தது)

சொந்தப் புருஷனை அப்படியே தூக்கிக் கதையில் வைப்பது நாகரிகம் இல்லை. அதனால் முதலில் அவரை வங்கி மேலாளர் ஆக்கினேன். மனைவியை இழந்தவர் ஆக்கினேன். (அதாவது என்னைக் கொன்றேன். எழுதும்போது கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.) ஆனால் அந்த மேலாளர் சரிப்பட்டு வரவில்லை. ரெக்கார்டைப் போட்டுவிட்டுப் பாதிப் பாட்டில் எழுந்து போன் பேசப் போய்விடுகிறார். அவருக்குப் பாட்டின் மேல் உண்மையான பைத்தியம் இல்லை. இருப்பது போல எழுத எனக்கு வரவில்லை.

சரி, உண்மையையே சொல்கிறேன். என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதேதான். ஊசியை மாற்றுவார், ஒயரை மாற்றுவார், ஸ்பீக்கரை ஒரு விரல்கடை தள்ளுவார். "இது நல்லாருக்கா, முன்னாடி நல்லாருந்துச்சா?" என்பார். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பேன். பலகையில் இருக்கிற பெரிய எழுத்தே தெரியவில்லை என்று சொன்னவரைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்.

ஆனாலும் கூடவே இருந்து கேட்டதில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சாக்ஸபோன்காரர் ஊதுவதற்கு முன்னால் மூச்சை இழுக்கிற சத்தம். பெரிய பேஸ் வாத்தியத்தின் தந்தியில் விரல் சறுக்குகிற சத்தம். மாவு சலிக்கிற மாதிரி டிரம்மின் மேல் பிரஷ் தேய்கிற சத்தம். சோல் பாட்டில் ஒரு பெண் அழுகையை அடக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும்போது தொண்டையில் ஏதோ இடறும். சாதாரணப் பெட்டியில் அது கேட்காது. எங்கள் கூடத்தில் கேட்கும். கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கதை புரியாது. ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றுக்கு நடுவில் வெறும் சுவர். ஆனால் சரியான இடத்தில் உட்கார்ந்தால் பாடுகிறவள் அந்த வெறும் சுவருக்கு முன்னால் வந்து நிற்பாள். அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை. நம்முடைய இரண்டு காதுகளும் சேர்ந்து பேசி அவளை அங்கே நிறுத்துகின்றன.* என் கணவர் இத்தனை வருஷம் பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் செலவழித்தது அவளை அங்கே நிறுத்தத்தான்.

* அவர் இதைக் கேட்டால் "இவ்வளவு சுலபமா சொல்லிட்டியே" என்று வருத்தப்படுவார்.

3

காது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் "சளி பிடிச்சிருக்கு, காது அடைக்குது" என்றார். தனியாக டாக்டரிடம் போய்விட்டு வந்தார். "ஒண்ணுமில்ல" என்றார். அதற்குப் பிறகு போனை வலது காதுக்கு மாற்றினார். தெருவில் நடந்தால் சுற்றிவந்து என் இடது பக்கம் சேர்ந்துகொண்டார். ஹோட்டலில் சுவரோர நாற்காலியாகப் பார்த்து, இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி உட்கார்ந்தார்.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடது பக்கமாகப் போய்க் குனிந்து, மெதுவாக, "உங்க ஆம்ப்ளிஃபயரைப் பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன். பக்கத்தைப் புரட்டினார்.

சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

4

போன வாரம் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது. இடது ஸ்பீக்கர் அலமாரி ஓரமாக ஒரு மூலையில் இருக்கிறது; பின்னால் ஒரு கை மட்டும்தான் நுழையும். விரலால் தடவித்தான் மாட்டுவார். சிவப்பு ஒயர் சிவப்பு முனையில், கறுப்பு ஒயர் கறுப்பு முனையில். மாறிவிட்டால் ஒன்றும் வெடிக்காது, பாட்டும் வரும். ஆனால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பேஸ், அதாவது அடியில் அதிர்கிற கனத்த சத்தம், செத்துவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரல் சிதறிவிடும்.

சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவர் விளக்கு அடித்துப் பார்த்ததே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஒரு பெண்ணின் குரலும் ஆர்கன் வாத்தியமும் மட்டும் இருக்கிற ரெக்கார்டு ஒன்று வைத்திருக்கிறார். அதைப் போட்டு உட்காருவார். அவள் நடுவில் வந்து நின்றதும் "வந்துட்டா" என்பார். அதுதான் அவருடைய பரீட்சை.

அன்றைக்கும் போட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "வந்துட்டா" என்றார்.

அவள் வரவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், எந்த அறை என்று தெரியவில்லை. குரல் அப்படி இருந்தது. அவர் கடைக்குப் போன பிறகு போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். சிவப்பு ஒயர் கறுப்பில் இருந்தது.

நான் அதைத் தொடவில்லை.

5 (சில முடிவுகள்)

ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் இருவர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த முறை டாக்டர் புது ஆம்ப்ளிஃபயர் தூக்கிக்கொண்டு வருகிறார். வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று இவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "அண்ணன் காதுக்குத் தப்பாது" என்பது அவர்களுக்குள் ஒரு பேச்சு. கடைக்கு வெளியே இவருக்கு இருக்கிற மரியாதை அது ஒன்றுதான்.

முதல் முடிவு: மனைவி யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒயரை மாற்றிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகக் கழிகிறது. அடுத்த தடவை? அதற்கடுத்த தடவை?

இரண்டாவது முடிவு: ஒயர் மாறியிருக்கிறது என்று மனைவி சொல்லிவிடுகிறாள். "எனக்குத் தெரியாதது உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்று அவர் கேட்கிறார். அவள்

(இதை முடிக்க முடியவில்லை.)

மூன்றாவது முடிவு: மனைவி சும்மா இருக்கிறாள். டாக்டர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். இவரும் கூடச் சிரிக்கிறார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

6 (இந்தப் பெண்ணின் மேல் சந்தேகம்)

திரும்பப் படித்தால், இந்த மனைவி ரொம்பத்தான் நல்லவளாக இருக்கிறாள். இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? பொய்.

கோபம்தான். காது டாக்டரிடம் தனியாகப் போனார் பாருங்கள், அந்தக் கோபம். காய்ச்சல் வந்தால் என் பெயரைச் சொல்லிப் புலம்புகிற மனுஷன், காது போனதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்லட்டும், அதுவரை நானும் திறக்கப் போவதில்லை என்று இருந்தேன். இதற்குப் பெயர் பொறுமை இல்லை, வீம்பு.

அவரும் ஒரு வாரமாகச் சரியாக இல்லை. பாதிப் பாட்டில் ஊசியைத் தூக்கிவிடுகிறார். சத்தத்தைக் கூட்டுகிறார். ஸ்பீக்கரின் வட்டத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். இடது காது இல்லாமல் கேட்கிற துக்கம் என்று நினைத்து எழுதிவைத்துக்கொண்டேன். கதைக்கு நல்ல காட்சி என்றும் நினைத்தேன்.

7

என் கதைகளை அவர் படிப்பதில்லை. நான் படிக்க அவர் கேட்பார். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால், அவருடைய வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன எழுத்தாளரே, கட்டுரை முடிஞ்சுதா?"

"கதையாப் போச்சு. கேக்கறீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டார். இடது காது வருகிற இடங்களைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாய் படித்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. கால் விரலைக்கூட அசைக்கவில்லை. இரும்புக் கடை வந்தபோது மட்டும் மூக்கால் லேசாகச் சிரித்தார். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று படித்துக்கொண்டே போனேன். நாலாவது பகுதியின் கடைசியில் கண்ணைத் திறந்தார்.

"இரு. அதைத் திரும்பப் படி."

"எதை?"

"ஒயர்."

படித்தேன். எழுந்து போய் அலமாரி ஓரம் முட்டி போட்டார். போன் விளக்கை அடித்துப் பார்த்தார். வெகுநேரம் அந்த மூலையிலேயே இருந்தார்.

"ஒயரா?" என்றார், திரும்பாமல்.

"ஆமாங்க."

"பேஸ் போனது இதாலயா?"

"ஒயர் மாறினா பேஸ் செத்துடும்னு நீங்கதான சொல்வீங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இந்தக் காதும் போகுதுன்னு நெனச்சேன்" என்று வலது காதைத் தொட்டார். "ஒரு வாரமா கடையில உக்காந்து அதேதான் நெனச்சிட்டிருந்தேன். இதுவும் போயிட்டா என்ன பண்றதுன்னு."

அந்த ஒரு வாரமும் அவருக்குப் பின்னால் இருந்து நான் வாக்கியம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். தரையில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க சொல்லல?"

"இந்த ரூம்லயாவது அந்தப் பேச்சு வேண்டாம்னு தோணுச்சு. நீ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லட்டும்னு."

"நல்ல ஜோடிதான்" என்றார்.

ஒயரை மாற்றினார். அந்த ரெக்கார்டைப் போட்டார். ஆர்கனின் அடிச்சுருதி தரை வழியாகக் காலுக்கு வந்தது. அவர் முகத்தில் ரத்தம் ஊறுவதைப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் கேட்டார்:

"அவ நடுவுல நிக்கறாளா?"

"நிக்கறா."

"சுவரை ஒட்டியா, கொஞ்சம் முன்னாடியா?"

"கொஞ்சம் முன்னாடி. உங்க பக்கம் பாத்துக்கிட்டு."

தலையாட்டினார். பிறகு எழுந்து போய் ஒயரைத் திரும்பவும் தப்பாக மாட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"அவங்க வரட்டும். கண்டுபிடிச்சுச் சொன்னாங்கன்னா காதைப் பத்தி நானும் சொல்லிடறேன்."

"கண்டுபிடிக்கலன்னா?"

"அப்ப என்ன, எல்லார் காதும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். சிரித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானா ஆரம்பிச்சா வார்த்தை வராதும்மா" என்றார்.

8

வந்துவிட்டார்கள். டாக்டர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மெக்கானிக் வாசற்கதவில் சாய்ந்து நிற்கிறார். புது ஆம்ப்ளிஃபயர் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. முதலில் பழையதில் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று இவர் அந்தப் பெண்ணின் ரெக்கார்டைப் போட்டார்.

இங்கே எனக்கு ஒரு பயம் வருகிறது. ஐந்தாவது பகுதியில் எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் கண்டுபிடிக்காமல் போவார்களோ என்று நான் பயப்படவில்லை. கண்டுபிடித்துவிட்டு, அண்ணன் மனசு நோகுமே என்று சும்மா இருந்துவிடுவார்களோ? நான் இருந்தேனே, அந்த மாதிரி.

டாக்டர் தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார். இடது ஸ்பீக்கரைப் பார்க்கிறார், வலது ஸ்பீக்கரைப் பார்க்கிறார். மெக்கானிக்கைப் பார்க்கிறார். மெக்கானிக் தரையைப் பார்க்கிறார். இவர் பாட்டைக் கேட்கவில்லை. அவர்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. அந்த நடு நாற்காலியில் உங்களை உட்கார வைத்துவிட்டுப் போகிறேன். குரல் சிதறிக் கிடப்பது உங்களுக்குக் கேட்கிறது. எதிரே இருப்பவர் நீங்கள் அண்ணே என்று கூப்பிடுகிற மனிதர். பாட்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. மரியாதை பார்க்காதீர்கள். சொல்லிவிடுங்கள்.