ஸ்பாஞ்சுத் தடிகள்

லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்த இரும்புக் குழாயை உஸைர் மேசைமேல் வைத்தான். சாரம் கட்டும் குழாயிலிருந்து அறுத்த துண்டு.

"அண்ணே, இதுக்கும் மத்தது மாதிரி பெயிண்ட் அடிச்சுக் குடுங்க."

மணிகண்டனைச் சுற்றி, துபாய் அல் குசைஸ் குடோன் முழுக்க, ஸ்பாஞ்சில் செய்து மரம்போலப் பெயிண்ட் அடித்த தடிகள் காய்ந்துகொண்டிருந்தன. கட்டட சைட்டில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் அவனை ஜெர்மன் நாடகக் குழு இரவல் வாங்கியிருந்தது. பாட்டாலேயே நடக்கிற நாடகம். ஐந்நூறு வருடங்களுக்கு முன், சமயம் இரண்டாகப் பிளந்து ஜெர்மனி எரிந்த காலத்தில், தேவாலயத்துக்குச் சிலுவைப்பாடு வரைந்த ஓர் ஓவியனின் கதை. குடியானவர்கள் ஊர்ப் பிரபுவை அடித்துக் கொல்கிறார்கள். ஓவியன் முதுகைக் காட்டியபடி வரைந்துகொண்டே இருக்கிறான். அதன்பின் அவனால் ஒரு மனித முகத்தைக்கூட வரைய முடிவதில்லை.

ஓவியனாக வரும் பாடகருக்கு வரையத் தெரியாது. அவர் மேடையோரம் நின்று பாட, அதே உடுப்பில் மணிகண்டன் வரைய வேண்டும். குடியானவர்களாக முவைலா தொழிலாளர் கேம்ப் ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். பிரபுவுக்குப் பாட்டே கிடையாது, அடி மட்டும்தான். சிவப்பு வெல்வெட் அங்கியைப் பார்த்ததும் போர்மேன் பழனிச்சாமி அந்த வேடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"யாருக்குடா இது?" என்றான் மணிகண்டன்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

உஸைர் 'காக்கா' என்று கூப்பிடும் அவன் அண்ணன் மஹ்மூது, ஒருநாள் உச்சி வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டு சாரத்திலிருந்து இறங்கி வந்தான். நடிக்கிறான் என்று சொல்லி, காதைத் திருகி மறுபடி மேலே ஏற்றியவர் பழனிச்சாமி. விழுந்தவனைத் தார்ப்பாயில் வழித்துத்தான் எடுத்தார்கள். தார்ப்பாயின் ஒரு முனையை மணிகண்டன் பிடித்திருந்தான். அது கனக்கவில்லை, நழுவியது.

தூரிகையைப் பழுப்பில் தோய்த்தான். குழாய்மேல் மரத்தின் ரேகைகளை இழுத்தான், ஒரு கணுவும் வைத்தான். வேலை நன்றாகவே வந்தது.

மறுநாள் ஒத்திகையில் பழனிச்சாமி அங்கியை விரித்துக்கொண்டு நின்றார். "டேய் மணி, ஒரு போட்டோ புடிடா. ஊட்டுக்கு அனுப்போணும். ராசாவாட்டம் இருக்கறனா?"

"ராஜாவேதான் போர்மேன்," என்றான் கூட்டத்தில் ஒருவன். "அதான அடிக்கப் போறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பழனிச்சாமியும் சிரித்தார்.

கீழே நாற்காலியிலிருந்து டைரக்டர் ஏதோ சொல்ல, மொழிபெயர்க்க வந்த ஷியாமளா கைகளைக் குவித்துக் கத்தினாள்: "நேத்து மாதிரி தடவிக் குடுக்கக் கூடாதாம்! கோபமா அடிக்கணும்! மணிகண்டன், பாட்டு முடியற வரைக்கும் திரும்பவே கூடாது, சரியா?"

பியானோ தொடங்கியது. மணிகண்டன் பலகையில், சிலுவையில் அறையப்பட்ட பாதங்களுக்குச் சிவப்பு தீட்டினான். பின்னால் கூச்சலும் வசவும். ஸ்பாஞ்சு உடம்பில் பட்டால் பொத்தென்று தலையணை மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறாக விழுந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல.

"யப்பா!" என்று பழனிச்சாமி அலறினார். அலறலுக்கு மேலே பாடகரின் குரல் ஏறியது. டைரக்டர் உற்சாகமாகத் தொடையைத் தட்டுவது கேட்டது.

சிவப்பு பாதத்திலிருந்து வழிந்தது. மணிகண்டன் அதைத் துடைக்கவில்லை. மறுபடி அந்தச் சத்தம். இந்த முறை அலறல் வரவில்லை, ஈரமான ஒரு முனகல்தான் வந்தது. இன்னும் ஒன்று போதும் என்று அவனுக்குத் தெரிந்தது. சும்மா நின்றாலே போதும்.

திரும்பினான்.

மற்றவர்கள் தடிகளைத் தொங்கவிட்டுப் பின்வாங்கியிருந்தார்கள். பழனிச்சாமி தவழ்ந்துகொண்டிருந்தார். ஒரு கால் முட்டிக்குக் கீழே தப்பான பக்கம் மடிந்து இழுபட்டது. வாயிலிருந்து பல்லோடு ரத்தம் விழுந்தது. தலைக்கு மேலே உஸைர் குழாயை ஓங்கியிருந்தான்.

மணிகண்டன் ஓடிப்போய் வலக்கையை நீட்டினான். எலும்பு முறிந்தது முதலில் காதில்தான் கேட்டது. வலி பிறகு வந்தது. அவன் பழனிச்சாமியின் மேல் விழுந்தான்.

"எந்திரிங்கண்ணே! தள்ளுங்க!" உஸைர் அவன் முதுகில் உதைத்தான். "எங்க காக்காவ மேல ஏத்துனப்ப யாரு குறுக்க வந்தா? ஒருத்தனும் வரலியே! இவனுக்கு மட்டும் ஏன் வாறீங்க?"

உஸைர் இன்னும் இரண்டு உதை விட்டான். பிறகு குழாய் அவன் கையிலிருந்து நழுவி சிமெண்டுத் தரையில் கணீரென்று விழுந்தது. பாட்டு நின்றது. தட்டிக்கொண்டிருந்த டைரக்டரின் கைகள் அப்படியே நின்றன.

பழனிச்சாமி மணிகண்டனுக்கு அடியிலிருந்து பெயிண்ட் ஒட்டிய தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பழுப்பு. இரும்பில் அது சரியாகக் காய்ந்திருக்கவில்லை.

"பெயிண்ட் அடிச்சவன் நீதானேடா?"

"ஆமா."

"அப்பறம் எதுக்குடா மேல வந்து விழுந்தே?"

"தெரியல போர்மேன். அசையாதீங்க. கால் போயிரும்."

"போலீஸைக் கூப்பிடட்டுமான்னு சார் கேக்கறார்," என்றாள் ஷியாமளா. "முதல்ல ஆம்புலன்ஸா, போலீஸா?"

உஸைர் ஓடவில்லை. கீழே உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆம்புலன்ஸ்," என்றான் மணிகண்டன். "அப்புறம் போலீஸ். உஸைருக்கும் எனக்கும்."