பத்மாசனி கொடுத்த பதவி உயர்வுகள்

முரசுமோட்டைப் பத்மாசனியின் தங்கை மகள் யதுர்ஷிகா பிரித்தானிய விமானப்படையில் விங் கொமாண்டர். ஊரில் அதை அறிந்தவள் பத்மாசனி ஒருத்திதான். அறிந்து என்ன பயன், வாய் திறக்க முடியுமா? போரில் அரச விமானப்படையின் கிபிர் விமானங்கள் வந்து குண்டு கொட்டிப்போன ஊர். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுப் படலையில் நின்று, என் பெறாமகள் விமானப்படையில் பெரிய ஆள் என்று எந்த முகத்தோடு சொல்வது? பிள்ளை விமானத்தில் தேத்தண்ணி கொடுக்கிறாள் என்று சொல்லிவைத்தாள்.

சொன்னவளைப் பிள்ளை நிம்மதியாக இருக்கவிட்டாளா? அங்கே அவள் படிப்படியாக ஏற, இங்கே பத்மாசனியும் ஏற்றவேண்டியிருந்தது. ஹெலிகொப்டர் ஓட்டத் தொடங்கியபோது, இப்போது சோறும் கொடுக்கிறாள் என்றாள். ஒரு அணிக்குத் தலைமை தாங்கியபோது, சாப்பாட்டுப் பகுதிக்கே மேற்பார்வை என்றாள். விங் கொமாண்டர் ஆனதும் கொடுக்கப் பதவி தீர்ந்துபோய், அந்த விமானக் கொம்பனியின் சமையல், குசினி முழுக்க அவள் கையில்தான் என்று முடித்தாள். ஊர் வாயைப் பிளந்தது.

அந்தக் குசினி மகாராணிதான் வாசிகசாலைக்குக் கூரை போட்டுத் தந்து, திறப்பு விழாவுக்கும் பிரித்தானியாவிலிருந்து வந்திறங்கினாள். ஓட்டோவிலேயே பத்மாசனி கெஞ்சினாள்.

"வேலையைப் பற்றி மட்டும் கதைச்சுப்போடாதை பிள்ளை. நான் இந்தச் சனத்தோடைதான் இருக்கவேணும்."

பிள்ளை தலையாட்டினாள்.

விழா மேடையில் வாசிகசாலைத் தலைவர் இளையதம்பி விடுவாரா? ஒலிவாங்கி கிடைத்தால் அந்த மனுசனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பொன்னாடை போர்த்தி, வானத்திலேயே உலை வைத்து உலகத்துக்குப் படியளக்கும் அன்னபூரணி என்று புகழ்ந்தார். கையோடு தன் மகள் நிரோஜாவுக்கும் ஒரு வேலை கேட்டார். பெட்டை நன்றாகத் தேத்தண்ணி ஊற்றுவாளாம். சனம் கைதட்டியது.

யதுர்ஷிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருட உழைப்பைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒலிவாங்கியை வாங்கினாள்.

"நான் தேத்தண்ணி குடுக்கிறேல்லை. விமானப்படையில விங் கொமாண்டர்."

ஒரு கைகூடத் தட்டவில்லை. முன்வரிசைப் பெண்கள் பத்மாசனியைத் திரும்பிப் பார்த்தார்கள். இனி எந்த வீட்டுப் படலை எனக்குத் திறக்கும் என்று அவள் நினைத்தாள்.

பின்னாலிருந்து பழனியாண்டி எழும்பினார். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். வயலில் நின்ற மகளையும் மருமகனையும் ஒரே குண்டில் பறிகொடுத்தவர். ஏசப்போகிறார் என்று பத்மாசனி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஏசவில்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"மேல இருந்து பாத்தா, கீழ வயல்ல நிக்கிறது ஆளுங்கன்னு தெரியுமாம்மா?"

யதுர்ஷிகா பெரியம்மாவைப் பார்த்தாள். தெரியாதென்று சொல்லடி, ஒரு பொய்தானே, நான் எத்தனை சொல்லியிருக்கிறேன் என்று பத்மாசனியின் மனம் கத்தியது.

"தெரியும் ஐயா."

"அப்ப தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

இளையதம்பி ஒலிவாங்கியைப் பறித்து, அடுத்ததாக நன்றியுரை, திருமதி பத்மாசனி என்று அறிவித்தார். பத்மாசனி எழும்பினாள். மேடைக்குப் போகவில்லை. பின்வரிசைக்கு நடந்து, பழனியாண்டி இருந்த வாங்குப் பலகையருகே போய் நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.