வடக்குப்பட்டுக் கப்பலுக்குச் சாய்தளம் வந்தது

11-2-2006, சனி.

கப்பலுக்காக நான் எழுதிவரும் குறிப்பேட்டில், நவம்பர் மூன்றாம் தேதிப் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. வடக்குப்பட்டுக் கப்பல் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மிதக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அது ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் ஏறிய பிறகு அளந்தது. காலியாக இருக்கும்போது மூன்றடி. அதே தவறான அளவை அரசாங்கப் படிவத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எதையும் அடிக்காமல், நடந்ததை வரிசையாகக் குறிக்கிறேன்.

கப்பல் வந்தது ஐந்து வருடம் முன்பு, ஏரி உடைந்த மழையில். தண்ணீர் நான்கு நாளில் வடிந்தது, கப்பல் இறங்கவில்லை. வெள்ளம் நின்ற மட்டத்திலேயே அது நிற்க, ஆடுகள் அடியில் நிழலுக்குப் படுத்தன. கம்பெனி பஸ் வராத ஒரு காலையில், நேரமாகிவிட்டதென்று சிலர் அதில் ஏறினார்கள். தூத்துக்குடிப் பக்கம் தோணி ஓட்டியிருந்த இசக்கியப்பன் சுக்கானைப் பிடித்தார். பழைய வாய்க்கால் தடத்தில், வேலிக்காத்தான் புதர்களுக்கு நடுவே, ஒரகடம் சாலை ஒயர் கம்பெனிக்கு இருபது நிமிடம். பிறகு பஸ்ஸில் ஏற ஆள் இல்லாமல் அதை நிறுத்திவிட்டார்கள். கப்பலில் ஏற இரும்பு ஏணி இருந்தது. போலியோவில் கால்கள் சூம்பிய காந்திமதிக்கு அது உதவாது. ஒயர் கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் வேலை செய்யும் வேல்ராஜ் தினமும் கடைசியாக அவளைத் தோளில் போட்டு ஏற்றினான்.

"என்னய மூட்டை கணக்கா தூக்காதீய, அண்ணே."

"மூட்டைன்னா பேசாதுல்ல, தாயி. நீ கம்பெனி கேட்டு வரைக்கும் பேசிக்கிட்டே வாரியே."

சென்ற வருடம் பயணிக் கப்பல்களுக்குப் புதுச் சட்டம் வந்தது. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். நடக்க முடியாதவர், பிறர் தூக்காமல் தாமே ஏறி இறங்க வழி வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் ஓடக்கூடாது. ஆய்வாளர் லூர்துராஜ் மொபெட்டில் வந்து, கப்பலுக்கு அடியில் குனிந்து நுழைந்து மறுபக்கம் வந்தார். கீழே தண்ணீரே இல்லையே என்று இசக்கியப்பன் சொல்லிப் பார்த்தார்.

"தண்ணி கீதான்னு சட்டம் கேக்கல, கேப்டன். ஜனங்க ஏறுதா? அப்போ இது கப்பல்தான்."

பணம் கேட்டபோது துறைமுக அலுவலகம் இது நிலம் என்றது, சாலை அலுவலகம் இது கப்பல் என்றது. தரையைத் தொடாத எதற்கும் நிதியில்லை என்றது பஞ்சாயத்து. கடைசியில் புதுச் சட்டத்துக்கான நிதிக்கே விண்ணப்பம் போனது. 'நீரின் ஆழம்' என்ற கட்டத்தில் சைபர் இருந்ததால் மூன்று முறை திரும்பி வந்தது. நான்காம் முறை, ஷிப்ட் முடிந்து இறங்கிய நூற்றிருபது பேரும் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கப்பலுக்கு அடியில் ஊற்றினார்கள். லூர்துராஜ் முட்டி போட்டு ஸ்கேல் வைத்து, மண் உறிஞ்சுவதற்குள் அரை அங்குலம் என்று எழுதிக்கொண்டார். நிதி வந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சட்டம். ஆகவே இரண்டடிக்கு இருபத்துநான்கடிச் சாய்தளம். அதற்குமேல் ஒரு ரூபாயும் இல்லை.

இன்று காலை அதைப் பொருத்தினார்கள். சட்டத்தின் கெடுவும் இன்றுதான். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு எல்லாரும் ஒதுங்கி நின்று, முதலில் ஏறும் மரியாதையைக் காந்திமதிக்குத் தந்தார்கள். பாதியில் சக்கர நாற்காலி பின்னுக்கு உருண்டது. வேல்ராஜ் ஓடிப் பிடித்தான். லூர்துராஜ் டேப்பை வைத்தார், மூன்றடி. பேனாவை மூடினார்.

"தூக்கினு போனா செல்லாதும்மா. நாளைலேர்ந்து நிறுத்தணும்."

கப்பல் நின்றால் மற்றவர்கள் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். அவளுக்கு வேலை போய்விடும். ஆனால் தினமும் கடைசியாக ஏற்றப்படுபவளுக்கு, அதற்குள் கப்பல் எவ்வளவு தணிந்திருக்கும் என்பது தெரியும்.

"மொதல்ல நீங்கள்லாம் ஏறுங்க. நான் கடேசி."

"கார்டு பஞ்ச் லேட்டாய்டும்," என்றது ஒரு குரல்.

"ஏறுலே, எரும!" என்றான் வேல்ராஜ்.

ஆட்கள் ஏற ஏறக் கப்பல் விரல் விரலாகத் தணிந்தது. நூற்றுப்பத்தொன்பதாவது ஆள் ஏறியதும் டேப் இரண்டடி காட்டியது. காந்திமதி இரு கையாலும் சக்கரத்தைத் தள்ளி, யாரையும் பார்க்காமல், ஏறிப் போனாள். கம்பெனி வாசலில், கப்பல் உயர்வதற்கு முன் அவளே முதலில் இறங்க வேண்டியிருந்தது. இன்று முதல் ஆளாகக் கார்டு பஞ்ச் செய்தது அவள்தான். லூர்துராஜ் ஒரு நிபந்தனையோடு கையெழுத்திட்டார்: அவள் ஏறி இறங்கும்போது கப்பலில் இருக்கும் பாரம் நூற்றுப்பத்தொன்பது ஆள் எடைக்குக் குறையக் கூடாது.

நாளை ஞாயிறு, நாற்பது பேருக்கு லீவு. ஐந்து மணிக்கே போய், வேல்ராஜுடன் நாற்பது மணல் மூட்டை ஏற்ற வேண்டும்.